நூல் இல்லாத காய்கள்

"அம்மா ரெண்டு கை வேணும்னு சொல்லுச்சு" என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன்.

"யாரைச் சொன்னாவ? உங்களை மட்டுமா, என்னையும் சேத்தா?"

"ரெண்டு கைன்னு சொல்லுச்சு."

"ரெண்டு கைன்னா ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "ஒரு ஆளுக்கே ரெண்டு கை இருக்குதே. ஆனா ஒரு ஆள்தான் வேணும்னா, நீ வா கண்ணுன்னு சொல்லியிருக்குமே."

அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. திரும்பப் போன் போட்டுக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லை, அவன் மட்டும் வந்தால் போதும் என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

நாங்கள் இருவரும் திருப்பூர் நல்லூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். என் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே பிழைப்புக்காகத் திருப்பூர் வந்துவிட்டோம். கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். அவர் அவிநாசியைத் தாண்டி ஒரு ஊர், தோட்டம் உள்ள குடும்பம். இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். என் அம்மா சில மாதத்தில் சமாதானமாகிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும்தான், கல்யாணத்துக்கு வரவில்லை. இவர் மட்டும் அவ்வப்போது ஊருக்குப் போய் வருவார். வரும்போது பையில் நிலக்கடலையும் முருங்கைக்காயும் இருக்கும். அதை அந்த அம்மா மகனுக்காகக் கொடுத்தாரா, வீட்டுக்காகக் கொடுத்தாரா என்று பையைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த வருடம் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றுபோயின. தீபாவளி போனஸோடு லீவு விட்ட கம்பெனி திறக்கவே இல்லை. வாட்ச்மேன் மட்டும் கேட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் அத்தை, அதாவது என் மாமியார், ஒரு விதைக் கம்பெனிக்காகப் பருத்தி போட்டிருந்தார். செடி பூவுக்கு வந்துவிட்டது. கிராஸ் போடுகிற வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை.

இரண்டு பேருமே கிளம்பினோம். அவிநாசியில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போனோம். வாசலில் நின்றிருந்த அத்தை மகனைப் பார்த்து, "வா கண்ணு" என்றார். என்னைப் பார்த்து, "வாங்க" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் மருமகளை "வாம்மா" என்பார்கள், கோபமாக இருந்தால் பேசவே மாட்டார்கள். திருப்பூருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்த "ங்க" எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர், கறிக்கடைக்காரர், சண்டை போடுபவர், எல்லோருமே "ங்க" போட்டுத்தான் பேசுவார்கள். அத்தை சொன்ன "வாங்க" மரியாதையா, நீங்கள் எங்கள் வீட்டு ஆள் இல்லை என்பதா? சாப்பிடும்போதும் "போட்டுக்குங்க" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. நான் இரண்டு மடங்கு "ங்க" போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விதைக் கம்பெனியிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் தொப்பி. வேலை எப்படிச் செய்வது என்று காட்டிக்கொடுத்தார்.

"இந்தப் பெரிய துண்டு முழுக்கப் பெண் செடி. அந்த ஓரத்துல இருக்கிற சின்னத் துண்டு ஆண் செடி. ஆண் பூவோட பொடியை எடுத்துப் பெண் பூவுல தடவணும். அவ்வளவுதான்."

பன்னிரண்டாம் வகுப்பில் நான் அறிவியல் பிரிவு. பூவின் பாகங்கள் பாடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெண் செடியில் விரிந்திருந்த ஒரு பூவைக் குனிந்து பார்த்தேன். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக இதழ்கள். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மகரந்தத் தூள் நிறைந்த தாள்கள், அவற்றுக்கு மேலே சூலகமுடி எட்டிப் பார்க்கிறது. ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில் இருந்தன. ஆண் துண்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பூ நல்ல மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. ஆனால் அதிலும் இரண்டும் இருந்தன.

"சார், இதுல ரெண்டுமே இருக்குதுங்களே. அப்புறம் எப்படி இது ஆண், அது பெண்?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாம அப்படி வச்சிருக்கோம் மேடம். நாம எதுல காய் எடுக்கிறோமோ அது பெண்."

எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை. ஆனால் அவர் அதற்குள் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

நாளைக் காலை விரியப்போகிற மொட்டை இன்று பிற்பகலிலேயே கண்டுபிடிக்க வேண்டும். பச்சை உறைக்கு வெளியே வெள்ளையாக முனை நீட்டியிருக்கும். அதைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் அடியில் சுற்றிலும் கீறி, இதழ்களையும் அவற்றோடு ஒட்டியிருக்கிற மகரந்தத்தாள் குழலையும் சேர்த்து, பனியனைத் தலைவழியாகக் கழற்றுவது போல ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். உள்ளே பொட்டுப்போல ஒரு பிஞ்சும் அதன் மேல் மெல்லிய தண்டும் மட்டும் நிற்கும். அதன் மேல் சிவப்புத் தாளில் செய்த சின்ன உறையை மாட்டிவிட வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறியதும் ஆண் பூக்களைப் பறித்துத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, உறையை எடுத்துவிட்டு, பூவைக் கவிழ்த்து அந்தத் தண்டின் முனையில் தடவ வேண்டும். தடவியதற்கு அடையாளமாகக் காம்பில் நூல் கட்ட வேண்டும்.

முதல் நாள் நான் தொட்டதெல்லாம் ஒடிந்தது. இதழைக் கழற்றினால் தண்டும் கூடவே வந்தது. அத்தை பக்கத்து வரிசையில் உரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைவிட மோசம். இயந்திரத்தில் பழகிய கை, பூ தாங்கவில்லை. இரண்டு மூன்று நாளில் என் கைக்கு அந்த இழுப்பு வந்துவிட்டது. வந்த பிறகு வேறு ஒரு குழப்பம். இந்த வேலை எனக்குப் பிடிக்கிறதா? நாளைக்குத் தானாக விரிந்து தானாகக் காய்க்கப்போகிற பூவை இன்றைக்கே உரித்து, வேறு பூவின் பொடிக்காகக் காக்க வைக்கிறோம். உரித்துப் போட்ட இதழ்கள் பாத்தி நெடுகக் கிடந்தன. கால் வைக்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த வாரம்தான் ஒரு காலையில் பெண் வரிசையில் ரோஸ் நிறத்தில் ஒரு பூவைப் பார்த்தேன். இலைக்கு உள்ளே மறைந்து இருந்தது. வெள்ளைப் பூச் செடியில் ரோஸ் பூ. வேறு விதை கலந்துவிட்டதா? எனக்குச் சட்டென்று தோன்றியது சாயம்தான். மங்கலம் பக்கம் உறவினர் வீட்டுக் கிணற்றில் சாயப்பட்டறைக் கழிவு கலந்து ஒரு நாளைக்கு ஒரு நிறமாகத் தண்ணீர் வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"என்னங்க, இங்க வாங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். "கிணத்துல சாயத்தண்ணி கலந்துட்டுதோ? பூவெல்லாம் நெறம் மாறுது பாருங்க."

அவர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியலியே. நான் எங்க பூவப் பாத்தேன், பள்ளிக்கூடம் விட்டதும் கம்பெனிக்கு வந்துட்டேன்."

இரண்டு வரிசை தள்ளி அத்தையின் குரல் கேட்டது. "இங்க ஏதுங்க சாயத்தண்ணி? அது நேத்துப் பூத்ததுங்க. பருத்திப் பூ மொத நாள் வெள்ளையா இருக்கும், மறுநா செவந்து போயிரும்."

வாங்க, போட்டுக்குங்க தவிர, அவர் என்னிடம் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. பேசிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன், நிச்சயமாகத் தெரியவில்லை.

விதைக் கம்பெனிக்காரர் வந்தபோது அவரிடமும் கேட்டேன். "பெண் வரிசையில ரோஸ் பூ இருந்தா, நீங்க உரிக்காம விட்டுப்போன பூன்னு அர்த்தம். அது தன் பொடியிலயே செல்ஃப் ஆயிடுச்சு. உடனே பறிச்சுப் போட்டுடுங்க. ஒரு செல்ஃப் காய் கலந்தாலும் விதை சுத்தம் இல்லைன்னு தள்ளிடுவாங்க."

ஆக, வேறு செடியின் பொடி பட்டால் சுத்தம், தன் பொடியே பட்டால் சுத்தம் இல்லை. நான் அதுவரை நினைத்திருந்ததற்கு அப்படியே தலைகீழ். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் மூன்று பேரில் யாருமே சொல்லவில்லை.

ஒரு மதியம் மோட்டார் ரூம் நிழலில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிவிட்டார். அத்தை ஒரு ஆண் பூவைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, நீங்க பன்னெண்டாவது படிச்சவங்கன்னு சொன்னான். ஒண்ணு கேக்கறேன், சொல்லுவீங்களா?"

"கேளுங்க அத்தை."

"இந்தப் பொடிய மேல முனையில தடவுறோம். காய் கீழ அடியில இருக்குது. இந்தப் பொடிக்குக் காலு இல்ல, கையி இல்ல. அது எப்படிங்க உள்ள போவுது?"

எனக்குத் தெரிந்த கேள்வி. எங்கள் ஆசிரியை அந்தப் பாடத்துக்கு வந்ததும், "இது பரீட்சைக்கு வரும், படம் வரைஞ்சு பழகிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கவே இல்லை. சூலுக்குள் இருக்கிற கருப்பையின் படத்தை எட்டு உட்கருக்களோடும் பாகம் குறித்து என்னால் இன்றைக்கும் வரைய முடியும். ஆனால் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று வந்தபோதுதான், நான் படத்தை மட்டும் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

"பொடி மேல ஒட்டினதும், அதுல இருந்து ஒரு குழாய் மொளைக்குமுங்க. அது தண்டுக்குள்ளயே கீழ எறங்கி வளரும். வேர் எறங்கற மாதிரி."

"குழாயா? இத்துனூண்டுப் பொடியிலயா?"

"ஆமாங்க. அது கீழ இருக்கற சூலுக்குள்ள போய்ச் சேரும். ஒவ்வொரு விதைக்கும் ஒரு பொடி வேணும்."

அத்தை விரலில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளை உற்றுப் பார்த்தார். "அப்ப ஒரு காயில இருக்கற அத்தன கொட்டைக்கும் தனித்தனியா ஒவ்வொண்ணு எறங்கோணுமா?"

"ஆமாங்க."

"அதுகளுக்கு வழி எப்படித் தெரியுது?"

"தெரியலீங்க." புத்தகத்தில் ஏதோ போட்டிருந்தது, எனக்கு மறந்துவிட்டது. அதை மழுப்ப அடுத்ததைச் சொன்னேன். "குழாய்க்குள்ள ரெண்டு போவுமுங்க. ஒண்ணு கருமுட்டையோட சேந்து குழந்தையாகும். இன்னொண்ணு வேற எடத்துல சேந்து அந்தக் குழந்தைக்குச் சாப்பாடாகும். இரட்டைக் கருவுறுதல்னு பேரு."

"சாப்பாடும் கூடவே உண்டாவுதுங்களா?" அத்தை வாயில் கை வைத்தார். "அப்ப அது ரெண்டும் என்ன, அண்ணன் தம்பியாட்டவா? ஒருத்தன இன்னொருத்தன் தின்னுபோடறானா?"

நான் அதை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியாமல் முழித்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்து, "சரி, உடுங்க, உங்களுக்கும் வெசனமாப் போச்சாட்ட இருக்குது" என்று எழுந்து போனார். தூங்குகிறவர் துண்டுக்குள்ளிருந்து, "எனக்கு ஒண்ணுமே புரியல" என்றார்.

அதன் பிறகு அத்தை கேள்விகளாகக் கேட்க ஆரம்பித்தார். பூச்சி வந்து உட்கார்ந்தால் அது வேறு பூவின் பொடியைக் கொண்டுவராதா? உரித்த பூவுக்கு இதழே இல்லையே, பூச்சி அதைப் பூ என்று எப்படி நினைக்கும்? நன்றாகத் தடவிய பிஞ்சும் நாலு நாளில் ஏன் உதிர்ந்து விழுகிறது? பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. நான் தெரியாது என்று சொல்லச் சொல்ல அவர் பேசுவது அதிகமானது. எனக்கு அது விளங்கவில்லை. தெரிந்ததைச் சொன்ன அன்று எழுந்து போனவர், தெரியாது என்று சொன்னால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒரு காலையில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் உரித்து உறை மாட்டிய மொட்டெல்லாம் காத்திருந்தன. பொடி நனைந்தால் வெடித்துக் கெட்டுப்போகும் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். மூன்று பேரும் மோட்டார் ரூம் வாசலில் நின்று மழையைப் பார்த்தோம். மழை விட்டபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. இலைக்கு அடியில் நனையாமல் தப்பிய ஆண் பூக்களாகத் தேடிப் பறித்து, அத்தை தடவிக்கொண்டே போனார். "புடிச்சாப் புடிக்குது" என்றார். பிற்பாடு அதில் சில பிடித்தன, பல உதிர்ந்தன. பிடித்தவை எப்படிப் பிடித்தன என்று யாருக்கும் தெரியாது.

மழைக்குப் பிறகு கம்பெனிக்காரர் கொடுத்த சிவப்பு நூல் தீர்ந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் நல்லூர் போய் வாட்ச்மேனிடம் கேட்டு, கோனில் மிச்சம் இருந்த ஓவர்லாக் நூலை ஒரு பை நிறைய வாங்கி வந்தார். ஆரஞ்சு, நீலம், கிளிப்பச்சை. பஞ்சு போல மெத்தென்று இருக்கிற நூல். ஓடையோரம் இருந்த வரிசைகளில் அந்த நூலைத்தான் நான் கட்டினேன்.

டிசம்பர் நடுவில் கம்பெனிக்காரர் காய்களைப் பார்க்க வந்தார். சிவப்பு நூல் வரிசைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே ஓடையோரம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்த வரிசையில எல்லாம் பாதிக் காய்க்கு நூலே இல்லையே. இதை யார் பார்த்தது?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். காய் நன்றாகத் திரண்டிருந்தது. ஒரு காம்பில் நீல நூல், அடுத்ததில் ஒன்றும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. நான் கட்டினேன். கட்டியது எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்ட கேள்வியில், கட்டினேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சில பூக்களை விட்டிருப்பேனோ? தடவாமலே கட்டியிருப்பேனோ? வேலை ஓடுகிற வேகத்தில் கை என்ன செய்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"எம் மருமக பாத்ததுங்க" என்றார் அத்தை. "ஒவ்வொண்ணுக்கும் நூல் கட்டுனா. நான் பக்கத்து வரிசையில நின்னு பாத்தேன்."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நாட்களில் அவர் என் பக்கத்து வரிசையில் நிற்கவில்லை. ஆண் செடித் துண்டில் பூப் பறித்துக்கொண்டிருந்தார் என்றுதான் என் ஞாபகம். என்னை மருமகள் என்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதும் இல்லை.

"நான் நம்புறேங்க" என்றார் கம்பெனிக்காரர் தயங்கியபடி. "ஆனா நூல் இல்லாத காய் எல்லாம் எங்களுக்குச் செல்ஃப்தான். காய் இவ்வளவு பெருத்த பிறகு பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாத்தையும் பறிச்சுடுங்க. நான் அடுத்த வாரம் வர்றேன்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இப்பவே நூலைக் கட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அத்தை ஒரு காயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். நூல் பை என் கையில்தான் இருந்தது.

"எது எதுன்னு நமக்கே தெரியல. இத வாங்கி வெதைக்கறவன் ஊட்டுத் தோட்டத்துல என்னத்த மொளைக்குமோ. வேண்டாம், பறிச்சுப் போடுங்க."

பறித்தோம். நல்ல பச்சைக் காய்கள், உள்ளங்கையில் வைத்தால் கனமாக இருந்தன. வரப்பில் குவித்தோம். அதில் முக்கால்வாசி என் கை தடவியதாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் நாங்கள் பறித்தது நல்லதைத்தான். அல்லது இல்லை. அத்தை ஒரு காயை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே அறை அறையாக, ஈரமாக, வெள்ளை நூல் சுற்றிய விதைகள். "எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்குது" என்றார், யாரிடமோ சொல்வது போல.

அன்று சாயங்காலம் வாசலில் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உங்கம்மா என்னை மருமகள்னு சொன்னாவளே, கேட்டீங்களா?"

"ம்."

"அது எனக்காகச் சொன்னாவளா, காயைக் காப்பாத்தச் சொன்னாவளா?"

"ரெண்டுக்கும் இருக்கும்."

"பக்கத்து வரிசையில நின்னேன்னு சொன்னாவளே, அவுக நிக்கவே இல்லையே."

"அப்படியா?" என்றார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. எனக்கு மட்டும் அது சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்காததைப் பார்த்தேன் என்று ஏன் சொன்னார்? அவ்வளவு நம்பிக்கையா? அல்லது நான் கவனிக்காதபோது உண்மையிலேயே பக்கத்தில் நின்றிருந்தாரா?

சில நாள் கழித்து மோட்டார் ரூமின் ஓட்டைச் சரிசெய்ய ஏறிய என் வீட்டுக்காரர் மேலே இருந்து கத்தினார். இரண்டு பேரும் ஓடினோம். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் அணில் கூடு. தென்னை நாரும் காய்ந்த புல்லும், அவற்றுக்கு நடுவே ஆரஞ்சும் நீலமும் கிளிப்பச்சையுமாக நூல், மெத்தை போல. அதில் கண் திறக்காத குட்டிகள். சிவப்பு நூல் முரட்டு நூல், அதை அணில் தொடவே இல்லை.

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. நான் கட்டியிருக்கிறேன். ஆனால் காய் வரப்பில் வாடிக் கிடக்கிறது. அத்தை அண்ணாந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அத அங்கயே வெச்சுட்டு எறங்கி வா" என்று மட்டும் மகனிடம் சொன்னார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஓட்டுத் தூசி விழுந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அத்தை அடுப்படியில் வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். கச்சாயம் என்கிற பலகாரம் சுடுவதற்கு. "நாளைக்கு உங்களுக்கு நோம்பிதானுங்களே. செடிக்குள்ள எறங்க வேண்டாம். காத்தால அவனக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்றார். ஆனால் அன்று பிற்பகல்தான் கடைசியாகக் கொஞ்சம் மொட்டுகளை உரித்து உறை மாட்டியிருந்தேன். காலையில் போய்விட்டால் அவை வீண். கோயிலுக்குப் போய் ஆராதனை முடியும் முன்பே பாதியில் எழுந்து வந்து, புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் இறங்கினேன். அத்தை ஏற்கெனவே அங்கே தடவிக்கொண்டிருந்தார். தட்டில் பாதிப் பூவை எடுத்து என்னிடம் நீட்டினார். பண்டிகையை விட்டுவிட்டு வந்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. என் அம்மாவிடம் போனில் இதைச் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பிறகு காய் வெடித்துப் பஞ்சு எடுக்க ஆரம்பித்தோம். அத்தை ஒரு விதையைப் பல்லால் கடித்து இரண்டாக்கி வந்து காட்டினார். "சாப்பாடுன்னு சொன்னீங்களே, அது எங்க? உள்ள மடிச்சு வெச்ச எலையாட்டத்தான் இருக்குது." எனக்கும் காணவில்லை. பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணிடம் புத்தகம் வாங்கிப் பார்த்தேன். சில விதைகளில் கருவூணை, அதாவது அந்தச் சாப்பாட்டை, முளைக்கும் முன்பே வித்திலைகள் உறிஞ்சிக்கொள்ளும் என்று இருந்தது. அதைச் சொன்னதும் அத்தை, "அப்பத் தின்னே போட்டுதா" என்றார். இன்னொன்றும் அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. விதையின் மேலுறை தாய்ச் செடியினுடையது. பஞ்சு அந்த உறையிலிருந்துதான் நூல் நூலாக வளர்கிறது. அப்படியானால் இந்தப் பஞ்சில் அப்பாச் செடிக்குப் பங்கே இல்லை. உள்ளே இருக்கிற பருப்பு மட்டும்தான் இரண்டு பேருடையதும்.

அத்தையிடம் அதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துப் பார்த்தார். "உள்ள இருக்கறது கலந்தது, மேல போத்தியிருக்கறது ஆத்தாளோடது. அப்படிங்களா?"

"அப்படித்தான் போட்டிருக்குதுங்க."

"சரி" என்றார். நல்லது என்றா, கெட்டது என்றா, அந்தச் சரிக்கு எனக்கு அர்த்தம் கிடைக்கவில்லை.

அந்த வருடம் எங்கள் விதை சோதனையில் தேறியது என்று பிற்பாடு சொன்னார்கள். காயைப் பறித்துப் போட்டதால் தேறியதா, போடாமல் இருந்தாலும் தேறியிருக்குமா, அதை அறிய வழியே இல்லை.

பஞ்செடுப்பு பாதியில் இருக்கும்போதே நல்லூரிலிருந்து போன் வந்தது. ஆர்டர் வந்துவிட்டது, கம்பெனி திறக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அன்றே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன்.

"செக்கிங்குக்கும் ஆள் கேக்கறாங்க. நீ எப்ப வர்றே?"

"பஞ்சு எடுத்து முடியட்டும்."

"அம்மா இருக்கச் சொல்லுச்சா?"

"இல்லை."

"அப்புறம் ஏன்?"

"தெரியலையே" என்றேன். உண்மையில் தெரியவில்லை. அத்தை வீட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நிச்சயமாகியிருந்தால் ஒருவேளை நான் கிளம்பியிருப்பேன். இல்லை என்று நிச்சயமாகியிருந்தாலும் கிளம்பியிருப்பேன். பஸ் வந்தது. அவர் படியில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது அத்தை பாதி வரிசை எடுத்து முடித்திருந்தார். மடியில் சேர்ந்திருந்த பஞ்சைச் சாக்கில் கொட்டிவிட்டு, தலையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டை என்னிடம் எறிந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் இறங்கினேன்.